வாளோடு ஜோடிப் பயிற்சி: இவாமா குமிதாச்சியா, கெண்டோ கட்டாவா, கோர்யூவா?

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவில் மூன்று நான்கு வருஷம் ஓடியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மரவாள் வாங்கியாயிற்று, தனியாக வீசிப் பழகும் சுபுரியும் கைக்கு வந்துவிட்டது. இனி எதிரே ஒருவரை நிறுத்திப் பழக வேண்டும். எந்த முறையில்?

அண்மையில் கேட்ட மூன்று பேரின் நிலைமையும் மூன்று விதம். ஒருவருடைய டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், வாரம் ஒரு நாள் இவாமா என்ற ஊரின் பெயரில் வழங்கும் ஐகிடோ வழியின் ஆயுத வகுப்பு உண்டு. அதிலேயே தொடர்வதா, வேறு தேடுவதா என்பது அவர் சந்தேகம். இன்னொருவரின் டோஜோவில் ஆயுதமே கிடையாது, ஆனால் பக்கத்தில் கவசம் போட்டு மோதும் ஜப்பானிய வாள் கலையான கெண்டோவுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மூன்றாமவர் வேலைக்காக டோக்கியோ போகிறார், இரண்டு வருஷ ஒப்பந்தம். கோர்யூ என்னும் பழைய வாள் மரபு ஒன்றில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது தூரம். ஜப்பானியர் மா-ஐ என்பார்கள். இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அதைக் கடக்க ஆகும் நேரம் இரண்டும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஜோடிப் பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எனக்கு அது புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வாள் பழகத் தொடங்கி இரண்டாம் வருஷம். என் ஜோடி நேராகத் தலைக்கு வெட்டுவார், நான் வலப்பக்கம் விலகி அவர் மணிக்கட்டுக்கு மேல் என் வாளை இறக்குவேன். இருபது தடவை அழகாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் அருகில் வந்து, "இப்போ விலகாதே, சும்மா நில்லு" என்றார். நின்றேன். ஜோடி அதே வெட்டை வெட்டினார். மரவாளின் நுனி என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இறங்கிக் கீழே போயிற்று. இருபது தடவையும் எனக்கு வராத வெட்டுக்குத்தான் நான் விலகியிருந்தேன். மூத்தவர் என் ஜோடியை அரை அடி முன்னால் நகர்த்தி, "இனிமே மெதுவா வெட்டு, ஆனா அவன் தலைக்கே வெட்டு" என்றார். அடுத்த வெட்டில் என் கால் தானாகவே முன்பைவிட வேகமாக நகர்ந்தது.

ஆகவே எந்த முறையை எடை போட்டாலும் முதல் கேள்வி, அதில் வரும் வெட்டு உண்மையிலேயே வருகிறதா?

இரண்டாவது, எதிரே நிற்பவர் யார்? ஜப்பானிய வாள் மரபுகளில் தோற்கும் பக்கத்தை எடுப்பவர் பெரும்பாலும் மூத்தவர். அவர்தான் வெட்டைத் தொடங்குவார், வேகத்தை நிர்ணயிப்பார், இளையவர் தயாராகும்வரை காத்திருப்பார், கடைசியில் வெட்டுப்படுவார். ஐகிடோவில் அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் தாக்கலாம், மாறி மாறிச் செய்வோம். இந்த ஒரு வித்தியாசம் பயிற்சியின் தரத்தையே மாற்றிவிடும்.

மூன்றாவது, வாளில் பழகும் உடல் நிலை வெறுங்கை உத்திகளுக்கு உதவுமா, குறுக்கே நிற்குமா என்பது.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. மரவாளின் விலை இதில் பெரிய விஷயம் இல்லை. வருஷங்கள், பயணம், முழங்கை வலி, பழகியதை மறந்து மறுபடி பழக வேண்டிய சுமை, ஒரு குருவுக்குக் கட்டுப்படும் கடமை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

## இவாமா வழிக் குமிதாச்சி

ஐகிடோவை உருவாக்கிய உயெஷிபா மோரிஹேய் 1942-ல் டோக்கியோவை விட்டு இபராகி மாவட்டத்தில் உள்ள இவாமா என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். 1946-ல் அங்கே வந்து சேர்ந்த சாய்தோ மோரிஹிரோ அப்போது பதினெட்டு வயதுப் பையன், அப்புறம் ரயில்வே ஊழியர். 1969-ல் உயெஷிபா இறக்கும்வரை 23 வருஷம் அவரிடமே பழகினார். உயெஷிபா வாளைப் பாடத்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. அன்றன்று தோன்றியதைச் செய்து காட்டுவார். அதை வரிசைப்படுத்தி, எண் போட்டு, வெளியாருக்கும் கற்பிக்கும்படி செய்தது சாய்தோவின் உழைப்பு. ஏழு சுபுரி, அதன்மேல் இருவர் சேர்ந்து செய்யும் அவசே, அதன்மேல் குமிதாச்சி எனப்படும் ஐந்து ஜோடி வாள் வரிசைகளும் கி-முசுபி-நோ-தாச்சியும். படிக்கட்டு போல இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம், இதற்குத் தனி உடல் தேவையில்லை என்பது. ஐகிடோவில் நிற்கும் அதே ஹன்மி, பக்கவாட்டாக இடுப்பைத் திருப்பி நிற்கும் அந்த முக்கோண நிலைதான் இங்கும். ஷிஹோ-நாகே என்ற எறிதலில் எதிராளியின் கையைத் தூக்கி, திரும்பி, இறக்குகிறோமே, அதை வாளோடு செய்தால் தூக்கி வெட்டும் அசைவு. ஒரு வருஷம் ஒழுங்காக அவசே செய்தவருடைய இரிமி-நாகே, அதாவது உள்ளே நுழைந்து எறியும் உத்தி, மாறியிருப்பதை வெளியாள்கூடக் கண்டுபிடித்துவிடலாம். முன்னால் போகும் காலில் தயக்கம் இருக்காது.

கி-முசுபி-நோ-தாச்சிக்கு ஒலியில்லா வாள் என்றும் ஒரு பெயர் உண்டு. மரத்தோடு மரம் மோதாமல், எதிராளி அசையும்போதே அவருடைய அசைவோடு சேர்ந்துகொள்வது அதன் நோக்கம். வகுப்பில் பத்து ஜோடிகள் அதைச் செய்யும்போது எந்த மூலையிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதோ, அங்கே நேரம் தப்புகிறது என்று அர்த்தம். இதைவிட எளிமையான அளவுகோலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி குறை. மேலே சொன்ன ஒரு சாண் இடைவெளி அதிகம் நடப்பது இந்த வழியில்தான். முறையில் தப்பில்லை, அதைச் செய்யும் சூழல் அப்படி. இருவரும் ஒரே அளவு அனுபவம் உள்ளவர்கள், ஒருவரை ஒருவர் காயப்படுத்தக் கூடாது என்று நினைப்பவர்கள், வெட்டு எப்படி வர வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது. அப்போது பயிற்சி நடனமாகிவிடுகிறது. வாளின் கூர்ப்பக்கம் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதையும் பல டோஜோக்களில் கவனிப்பதில்லை. தடியைப் போலப் பிடித்து வீசுகிறார்கள்.

மறைந்த செலவு இரண்டு. இவாமா வழியில் பயன்படும் மரவாள் தடிமனானது, கனமானது. தோளையும் இடுப்பையும் விட்டுவிட்டுக் கையால் மட்டும் வீசினால் ஆறே மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும், ஆனால் பலர் வலியோடு எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இன்னொன்று, ஊர் மாறினால் ஜோடி கிடைக்காது. டோக்கியோ தலைமை டோஜோவின் பொது வகுப்புகளிலேயே வெறுங்கை உத்திதான் பிரதானம். அந்தப் பாணியைப் பின்பற்றும் டோஜோக்களில் உங்கள் ஐந்து குமிதாச்சியை யாரும் கேட்கவும் மாட்டார்கள், எதிரே நிற்கவும் மாட்டார்கள்.

ஐகிடோதான் உங்களுக்கு முதன்மை, வாள் அதற்குத் துணை என்றால் இதுவே சரி. வகுப்பில் ஒரே ஒரு மூத்தவராவது உங்கள் தலைக்கே வெட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

## கெண்டோ கட்டா

1911-ல் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் வாள் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு மரபிலிருந்து வந்தவர், எதைச் சொல்லித்தருவது என்ற சிக்கல் வந்தது. தகானோ சசாபுரோ, நைத்தோ தகஹாரு உள்ளிட்டோர் கொண்ட குழு பல மரபுகளின் சாரத்தை எடுத்து 1912-ல் பொதுவான கட்டாக்களை, அதாவது முன்கூட்டியே வகுத்த வரிசைப் பயிற்சிகளை, நிறுவியது. மொத்தம் பத்து. ஏழில் இருவரிடமும் நீள வாள், மூன்றில் ஒருவரிடம் மட்டும் குறுவாள்.

முதல் கட்டாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இருவரும் வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மூன்று எட்டு எடுத்து முன்னால் வருகிறார்கள். உச்சிதாச்சி, அதாவது மூத்தவர், "யா" என்று குரல் எழுப்பி நேராகத் தலைக்கு வெட்டுகிறார். எதிரே இருப்பவர் தலைக்கு மேல் வாளைப் பிடித்திருப்பதால் அவருடைய கைகளையும் சேர்த்துப் பிளக்கும் வெட்டு அது. அதனால் வாள் கீழ்வரை இறங்கிவிடும், உடலும் லேசாக முன்னால் சாயும். ஷிதாச்சி, அதாவது எதிரே நிற்கும் இளையவர், கைகளையும் உடலையும் பின்னால் இழுத்து அந்த வெட்டைக் காற்றில் விடுகிறார். வாள் கீழே போன அதே கணம் முன்னால் வந்து, "தோ" என்று தலையில் வெட்டுகிறார். அவ்வளவுதான் கட்டா. ஆனால் உச்சிதாச்சி ஒரு சாண் தள்ளி வெட்டினால் ஷிதாச்சி பின்வாங்குவது அர்த்தமற்றுப் போகிறது, திரும்ப வெட்டவும் எட்டாது. தூரத்தில் பொய் சொல்ல வழியே இல்லாத அமைப்பு. முதல் அளவுகோலில் மூன்றில் இதற்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாவது கட்டாவில் யாரும் வெட்டுவதே இல்லை. குத்து வருகிறது, அதைத் தளர்த்தி வாங்கி எதிர்க்குத்து வைக்கிறார் ஷிதாச்சி. அப்புறம் வாள் நுனியாலும் முன்னேறும் நடையாலும் மட்டுமே எதிராளியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறார். கொல்லாமல் அடக்குவது என்று ஐகிடோக்காரர்கள் நாம் பேசும் விஷயம் இங்கே அசைவாகவே இருக்கிறது.

குறுவாள் கட்டா மூன்றும் ஐகிடோ மாணவருக்கு ஒரு புதையல் என்பேன். சுமார் 55 செ.மீ. நீளக் குறுவாளோடு 102 செ.மீ. நீள வாளுக்கு எதிரே நிற்கும்போது உள்ளே நுழைவதைத் தவிர வேறு வழியே இல்லை. கட்டா விளக்கத்திலேயே "இரிமி", அதாவது உள்ளே நுழைதல், என்ற சொல்தான் வருகிறது. கடைசி இரண்டில் ஷிதாச்சி நுழைந்ததும் எதிராளியின் மேற்கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அடக்குகிறார். ஐகிடோவில் கையைப் பிடித்து அடக்கும் இக்க்யோ செய்தவர்களுக்கு அந்தப் பிடி எங்கேயோ பார்த்தது போல இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் இதையே எடுக்கலாமே? இங்கேதான் மறைந்த செலவு வருகிறது. பெரும்பாலான கெண்டோ சங்கங்களில் கட்டா தினசரிப் பயிற்சி இல்லை. டான் எனும் கருப்புப் பட்டை நிலைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் மரவாள் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் ஷினாய் எனும் மூங்கில் வாள், கவசம், மோதல். "எனக்குக் கட்டா மட்டும் போதும்" என்று போய் நிற்பது அந்தச் சங்கத்துக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆக, கட்டாவுக்காகப் போனவர் கவசமும் வாங்கி வாரம் இரண்டு நாள் கெண்டோவே பழக வேண்டியிருக்கும். கவசத்தின் விலையில் பல வருஷத்துக்கு மரவாள் வாங்கலாம்.

அப்புறம் உடல். கெண்டோவில் இடுப்பு நேர் முன்னால் பார்க்கும், இரண்டு பாதமும் இணையாக இருக்கும், இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கும். ஐகிடோவின் ஹன்மிக்கு இது நேர் எதிர். நான் கெண்டோ பழகிய முதல் ஆறு மாதம் ஐகிடோ வகுப்பில் திரும்பும் உத்தி ஒவ்வொன்றிலும் என் பின்கால் மாட்டிக்கொண்டது. எதிராளியின் கோட்டிலேயே நின்றுவிடுவேன். இரண்டு நிலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள உடல் கற்றுக்கொண்டது, ஆனால் அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. ஐகிடோவில் முதல் டான் தேர்வை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் தேர்வு முடியும்வரை இதைத் தொடங்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

சாதகமாக இன்னொன்று. எந்த நாட்டுக்குப் போனாலும் கட்டா ஒன்றுதான். புதிய ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்றாலும் முதல் நாளே சேர்ந்து செய்யலாம். மற்ற இரண்டு வழிக்கும் இந்த வசதி கிடையாது. பத்துக் கட்டாவும் கனமாகத் தெரிந்தால் 2003-ல் கெண்டோ சம்மேளனம் கொண்டுவந்த ஒன்பது அடிப்படை மரவாள் பயிற்சிகள் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.

## கோர்யூ

1868-ல் தொடங்கிய மெய்ஜி காலத்துக்கு முன்பே இருந்து, குருவிடமிருந்து சீடருக்கு அறுபடாமல் வந்த மரபுகள் இவை. எண்ணிக்கையில் ஏராளம். அதனால் இதை ஒரு தேர்வு என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. ஒவ்வொன்றும் தனி உலகம்.

ஓனோ-ஹா இத்தோ-ரியூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இதயம் கிரி-ஒதோஷி என்ற ஒரே அசைவு. எதிராளி வெட்டும்போது விலகவும் கூடாது, தடுக்கவும் கூடாது. அதே கோட்டில் நீங்களும் வெட்ட வேண்டும். உங்கள் வாள் அவர் வாளின் மேலேறி அதைக் கோட்டை விட்டுத் தள்ளிவிட்டுத் தானே போய்ச் சேர வேண்டும். கோடு ஒரு விரல் அளவு பிசகினாலும் அடி உங்கள் தலையில். இந்த மரபில் மூத்தவர் ஒனிகோதே என்ற தடித்த பெரிய கையுறை போட்டுக்கொள்வார். இளையவர் அவருடைய முன்கையில் முழு பலத்தோடு அடிக்கலாம். அடக்கி அடிக்கப் பழகிய ஐகிடோக்காரருக்கு அது பெரிய விடுதலை.

கதோரி ஷிந்தோ-ரியூ வேறு விதம். அதன் கட்டாக்கள் நீளமானவை, மூச்சு வாங்க விடாமல் வெட்டும் தடுப்பும் மாறி மாறி வரும். வாளில் விழும் அடிகள் பல உண்மையில் உடலுக்குப் போக வேண்டியவை. பயிற்சிக்காகவும் வெளியார் கண்ணுக்கு மறைக்கவும் தூரத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். 1960-ல் சிபா மாவட்டம் இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

காஷிமா என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சுகஹாரா போகுடென் வழிவந்தது காஷிமா ஷிந்தோ-ரியூ. 1937-ல் உயெஷிபாவின் பெயர் அதன் சேர்க்கைப் பதிவில் ஏறியது. அந்த மரபின் ஆசிரியர்கள் அவருடைய டோஜோவுக்கு வந்து கற்பித்தார்கள். இவாமா குமிதாச்சியில் அதன் சாயல் தெரிவது அதனால்தான். காஷிமா ஷின்-ரியூ வேறு மரபு. மெய்ஜி கோயில் வளாகத்து ஷிசெய்கான் டோஜோவில் இனாபா மினோரு ஐகிடோவோடு சேர்த்துக் கற்பித்த வாள் அந்த வழி. அவரிடம் பழகிய கிறிஸ்தியான் திசியே மூலம் ஐரோப்பிய ஐகிடோ டோஜோக்களிலும் அது பரவியது. "காஷிமா சொல்லித்தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எந்தக் காஷிமா என்று கேட்டுவிடுங்கள்.

எதிரே நிற்பவர் யார் என்ற அளவுகோலில் கோர்யூவுக்கு ஈடு கிடையாது. முதல் சில வருஷம் நீங்கள் வெல்லும் பக்கம் மட்டுமே செய்வீர்கள். இருபது முப்பது வருஷம் பழகியவர் உங்களுக்காகத் தோற்றுக்கொண்டே இருப்பார். அவர் வாள் உங்கள் நெற்றிக்கு நேராக நிற்கும்போது, அது எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை என்பது உங்கள் வயிற்றுக்குத் தெரியும்.

செலவும் அதே அளவு. சேர அறிமுகம் தேவைப்படலாம். சில மரபுகளில் கெப்பான் உண்டு, அதாவது விரல் ரத்தத்தால் முத்திரையிட்ட உறுதிமொழி. கற்றதை வெளியே காட்ட மாட்டேன், அனுமதியின்றிக் கற்பிக்க மாட்டேன் என்பது போன்ற கட்டுப்பாடுகள் அதில் இருக்கும். அப்படியானால் திரும்பி வந்து உங்கள் ஐகிடோ டோஜோ நண்பர்களோடு அதைப் பழக முடியாது. ஜோடி இல்லாமல் வீட்டில் தனியாக வைத்திருக்க வேண்டிய ஜோடிப் பயிற்சி ஆகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை யோசிக்காமல் சேர்ந்து, பாதியில் விட்டு, இரண்டு பக்கமும் மனக்கசப்போடு நின்றவர்களை எனக்குத் தெரியும். உடல் விஷயத்திலும் முதல் நாளே "ஐகிடோவை வாசலில் வைத்துவிட்டு வா" என்பார்கள். அது நியாயமான கோரிக்கைதான்.

## மரவாள், கூடம், விரல் முட்டி

மூன்றுக்கும் பொதுவான சில விஷயங்கள். ஜப்பானிய மரவாள்களில் பெரும்பகுதி மியாசாகி மாவட்டத்து மியாகோனோஜோ நகரில் தயாராகிறது. வெள்ளை ஓக் மரம் ஜோடிப் பயிற்சிக்கு நம்பகமானது. அலங்காரத்துக்குச் செய்த, பளபளப்பு பூசிய மலிவு வாள் மோதினால் நீளவாக்கில் பிளக்கும், அந்தச் சிராய் எதிராளியின் கண்ணுக்குப் போகும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் வாளின் முழு நீளத்தையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், பத்து விநாடி வேலை. கூரையில் மின்விசிறி தாழ்வாக இருந்தால் தலைக்கு மேல் தூக்கும் கட்டா எதுவும் அங்கே வேண்டாம். அடிபடுவது பெரும்பாலும் வலது ஆள்காட்டி விரல் முட்டியில்தான், அதுவும் கைக்காப்பு வட்டு இல்லாத மரவாளில். வேகத்தைக் கூட்டிய நாளில்தான் அது நடக்கிறது.

மூன்று நாள் பயிலரங்கில் போய்க் கற்று வருவதையும் சிலர் கேட்கிறார்கள். வரிசை மனப்பாடம் ஆகும், தூரம் வராது. ஏற்கெனவே பழகுகிறவர்களுக்குத் திருத்தம் வாங்க நல்ல இடம், புதிதாகத் தொடங்க வேண்டாம்.

## கேட்ட மூவருக்கும்

இவாமா வகுப்பு இருப்பவர் அதை விட வேண்டாம். ஜோடியை மாற்றுங்கள். உங்களைவிட மூத்தவரிடம் வாரம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, கி-முசுபி-நோ-தாச்சியில் மட்டும் நில்லுங்கள். ஐந்து குமிதாச்சியையும் முடிக்கும் அவசரம் வேண்டாம்.

கெண்டோ சங்கம் பக்கத்தில் இருப்பவர் சேரலாம், ஆனால் கெண்டோவுக்காகவே சேர வேண்டும். கவசம் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அங்கே போய், கட்டாவுக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறைதான் என்றால், தேர்வுக்குத் தயாராகும் ஒருவரிடம் பேசி வகுப்புக்குப் பின் அரை மணி நேரம் சேர்ந்து பழக முடியுமா என்று கேளுங்கள். தேர்வு எழுதுபவருக்கும் எதிரே ஆள் தேவைப்படும், பெரும்பாலும் சரி என்பார்கள்.

டோக்கியோ போகிறவருக்கு என் பதில் அவருக்குப் பிடிக்காது. இரண்டு வருஷம் என்பது கோர்யூவில் வாசற்படி. உறுதிமொழி கொடுத்து, கற்றுக்கொடுப்பவரின் இரண்டு வருஷத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது சரியில்லை. ஒப்பந்தம் நீளும் என்று உறுதியாகத் தெரிந்தால் சேருங்கள், சேரும்போதே எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீளாது என்றால், ஐகிடோவோடு சேர்த்தே வாள் கற்பிக்கும் ஒரு டோஜோவில் அந்த இரண்டு வருஷத்தையும் செலவிடுங்கள். இவாமா இப்போது கசாமா நகரத்தோடு இணைந்துவிட்டது, டோக்கியோவிலிருந்து ஜோபான் பாதையில் ரயில் ஏறினால் போய்விடலாம். விடுமுறை நாள் ஒன்றில் முன்கூட்டி அனுமதி கேட்டு ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாள் நுனி எதிராளியின் நெற்றிக்கு எவ்வளவு கிட்டே வந்து நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.